லூபஸ் உள்ளவருக்கு இரண்டாவது கிட்னி பயொப்சி: அவசியம்தானா?

வட்டவளை நிலா:

எல்லோருக்கும் வணக்கம். என் தங்கைக்காக இந்த இழையைத் தொடங்குகிறேன். உடலின் எதிர்ப்புச் சக்தி தன் உடலையே தாக்கும் லூபஸ் நோய் அவளுடைய சிறுநீரகத்தையும் தாக்கியதால், ஊசியால் சிறுநீரகத்தில் சிறு துண்டு எடுத்து ஆராயும் பயொப்சியைச் சில ஆண்டுகளுக்கு முன் செய்தார்கள். லூபஸ் சிறுநீரக அழற்சியில் நான்காம் வகுப்பு என்று அறிக்கை வந்தது. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் கடுமையான மருந்தான சைக்ளோபொஸ்பமைட் ஏற்றினார்கள். அதன்பிறகு எதிர்ப்புச் சக்தியை அடக்க மைக்கோபினோலேட், லூபஸுக்கு ஹைட்ரொக்சிகுளோரோகுயின், சிறிய அளவில் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டெரொயிட், அழுத்தத்தையும் புரதத்தையும் குறைக்க லோசார்ட்டன் என்று தொடர்கிறது. கால் வீக்கம் வடிந்தது, முகத்துச் சிவப்பு மறைந்தது. ஒரு நாளைக்கு நான்கு கிராமுக்கு மேல் சிறுநீரில் போன புரதம் அரைக் கிராமுக்கும் கீழே இறங்கியது. நிம்மதியாக இருந்தோம்.

இந்த வருடம் அந்தப் புரதம் மெல்ல ஏறி 1.1 கிராமில் நிற்கிறது. சிறுநீரகத்தின் வேலை குறைந்தால் இரத்தத்தில் ஏறும் கிரியேட்டினின் 0.9தான். வீக்கமும் இல்லை. ஆனாலும் கிளினிக்கில் இன்னொரு பயொப்சி செய்ய வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அம்மா ஒரேயடியாக மறுக்கிறார். "ஒரு தடவை எடுத்துப் பார்த்தாயிற்று, என்ன நோய் என்று தெரிந்தாயிற்று, அதே நோய்க்கு மறுபடியும் எதற்கு ஊசி?" என்கிறார். தங்கை தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். படுத்துக் கிடக்கும் நாட்களுக்குப் பேர் விழாது, சம்பளம் இல்லை. அங்கே கிடைத்த விளக்கமோ பாதி சிங்களத்தில், பாதி ஆங்கிலத்தில், அதுவும் அவசரத்தில். வீட்டுக்கு வந்து அவளால் அதை எங்களுக்குத் திருப்பிச் சொல்ல முடியவில்லை.

சிறுநீரிலும் இரத்தத்திலும் தெரியாத எது ஊசி முனைத் துண்டில் தெரிகிறது? தெரிந்தவர்கள் விளக்க வேண்டும்.

மஸ்கெலியா தம்பி:

அக்கா, நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். என் சித்திக்குக் கிட்னி பயொப்சி செய்த இரவு சிறுநீர் முழுக்க இரத்தமாகப் போனது. இரத்தம் ஏற்றினார்கள். ஒரு நாளில் வீட்டுக்கு அனுப்புவதாகச் சொன்னவர்கள் பல நாட்கள் வைத்துக்கொண்டார்கள். சித்தப்பா வேலையை விட்டுவிட்டு வார்ட் வாசலில் கிடந்தார். அவருக்கு என்ன நடக்கிறது என்று ஒருவரும் தமிழில் சொல்லவில்லை. மாத்திரையைக் கூட்டியோ மாற்றியோ பார்க்கட்டும். உடம்பைக் குத்தித்தான் பார்க்க வேண்டும் என்பதில்லை.

கம்பளைத் தாதி:

தம்பி, உங்கள் சித்திக்கு நடந்தது மெய்யாகவே நடக்கக்கூடியதுதான். அதை யாரும் மறைக்கக் கூடாது. சிறுநீரக வார்ட்டில் நீண்ட காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

குப்புறப் படுக்க வைத்து, ஸ்கேன் பார்த்து இடம் குறித்து, மரத்துப்போக ஊசி போட்ட பிறகுதான் பயொப்சி ஊசி இறங்கும். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்வார்கள், சடக்கென்று ஒரு சத்தம் கேட்கும். பெரும்பாலும் இரண்டு துண்டுகள் எடுப்பார்கள். ஒவ்வொன்றும் நூல் துணுக்கு அளவுதான் இருக்கும். அதன்பிறகு பல மணி நேரம் மல்லாந்து அசையாமல் கிடக்க வேண்டும். அழுத்தத்தையும் நாடியையும் அடிக்கடி பார்ப்போம், ஒவ்வொரு தடவை போகும் சிறுநீரையும் போத்தலில் பிடித்து நிறம் பார்ப்போம்.

கண்ணுக்குத் தெரியும்படி சிறுநீரில் இரத்தம் போவது நூறு பேரில் மூன்று நான்கு பேருக்கு நடக்கிறது. பெரும்பாலும் தானாகவே தெளிந்துவிடும். இரத்தம் ஏற்ற வேண்டிய நிலை நூற்றில் ஒருவருக்கோ இருவருக்கோ வருகிறது. மரணம் மிக மிக அரிது, பத்தாயிரம் பேரில் ஒரு சிலர் என்ற அளவில்தான் ஆய்வுகள் சொல்கின்றன. இரத்த அழுத்தம் கட்டுக்கடங்காமல் இருப்பவர்களுக்கும், இரத்தத் தட்டுகள் குறைந்தவர்களுக்கும், கிரியேட்டினின் ஏறியவர்களுக்கும் ஆபத்து கூடுகிறது. அஸ்பிரின் எடுப்பவர்கள் அதை வழக்கமாக ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் என்றால் அதற்கென்று தனி ஏற்பாடு வேண்டும். எந்த மாத்திரையையும் வைத்தியர் சொல்லாமல் நீங்களாக நிறுத்தக் கூடாது.

நிலா, உங்கள் அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். தேநீர்க் கோப்பையில் தூள் விழுந்தால் வடி எங்கோ விட்டுக்கொடுத்திருக்கிறது என்று தெரியும். அது இன்றைக்குக் கிழிந்ததா, பழைய கிழிசலா என்பதை வடியை எடுத்துப் பார்த்தால்தான் சொல்லலாம். சிறுநீர்ப் புரதம் அந்தத் தூள்தான்.

ஒன்று கேட்க வேண்டும். தங்கை எல்லா மாத்திரைகளையும் ஒழுங்காக எடுக்கிறாளா? கோபப்பட வேண்டாம். மைக்கோபினோலேட் கிடைக்காமல் வெளியே ஃபார்மசியில் வாங்கச் சொன்ன காலங்கள் இருந்தன. 2022இல் இலங்கையில் வந்த பொருளாதார நெருக்கடியில் எத்தனை பேர் பாதி மாத்திரையோடு மாதத்தை ஓட்டினார்கள் என்று எனக்குத் தெரியும். பயொப்சிக்கு நாள் குறிப்பதற்கு முன் இந்தக் கேள்வியைக் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

மலையருவி:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் பக்கம் கிராந்துருக்கோட்டையில் பலருக்குக் கிட்னி பழுதாகிறது. தண்ணீரால் வருகிறது என்கிறார்கள். இதுவும் அதுதானா?

ஊவா மருத்துவன்:

மலையருவி, அது வேறு. அநுராதபுரம், பொலன்னறுவை, கிராந்துருக்கோட்டை போன்ற உலர்வலயப் பகுதிகளில் காணப்படும் காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் விவசாயம் செய்யும் ஆண்களிடம் அதிகம். அதில் சிறுநீரில் புரதம் மிகக் குறைவாகவே போகும். லூபஸ் என்பது உடலின் நோய் எதிர்ப்புச் சக்தி தன் உடலையே தாக்குவது. அது வருபவர்களில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள், அதிலும் பிள்ளை பெறும் வயதுள்ளவர்கள். ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது, தண்ணீராலும் வருவதில்லை.

நிலா அக்காவின் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். நான் உள்மருத்துவத்தில் பணிபுரிகிறேன். உங்கள் தங்கையை நான் பார்க்கவில்லை என்பதை நினைவில் வைத்து வாசியுங்கள்.

பயொப்சித் துண்டை நோயியல் நிபுணர் நுணுக்குக்காட்டியில் பார்க்கும்போது கலன்கோளங்களை எண்ணுகிறார். இரத்தத்தை வடிக்கும் மிகச் சிறிய இரத்தக்குழாய் முடிச்சுகள் அவை. 2003இல் வகுக்கப்பட்டு 2018இல் திருத்தப்பட்ட முறையின்படி லூபஸ் சிறுநீரக அழற்சியை ஆறு வகுப்புகளாகப் பிரிக்கிறார்கள். கலன்கோளங்களில் பாதிக்கும் குறைவானவை தாக்கப்பட்டிருந்தால் மூன்றாம் வகுப்பு, பாதியோ அதற்கு மேலோ என்றால் நான்காம் வகுப்பு. வடிகட்டும் சவ்வின் வெளிப்புறம் படிவுகள் சேர்ந்து தடித்திருந்தால் ஐந்தாம் வகுப்பு. ஆறாம் வகுப்பில் பத்தில் ஒன்பது பங்கு தழும்பாகிவிட்டிருக்கும்.

வகுப்போடு இரண்டு சுட்டெண்களும் அறிக்கையில் இருக்கும். இரண்டாவது பயொப்சியில் எனக்கு வகுப்பைவிட இவைதான் முக்கியம். செயற்பாட்டுச் சுட்டெண் 24க்கு எத்தனை என்று தருவார்கள். கலங்கள் பெருகியிருப்பது, நசிவு (திசு இறந்துபோவது), கலன்கோளத்தைச் சுற்றிக் கலங்கள் குவிந்து உண்டாகும் புதிய பிறை வடிவங்கள் போன்றவை இதில் சேரும். இவை மருந்துக்கு அடங்கக்கூடியவை. நாட்பட்ட பாதிப்புச் சுட்டெண் 12க்கு எத்தனை என்று வரும். இறுகிப்போன கலன்கோளங்கள், சுருங்கிய நுண்குழாய்கள், இடையே படர்ந்த நார் ஆகியவை இதில் சேரும். இவற்றை எந்த மருந்தும் திருப்பித் தராது.

உங்கள் தங்கைக்குப் போகும் 1.1 கிராம் புரதம் இந்த இரண்டில் எதனாலும் வரலாம். அழற்சி மீண்டும் கிளம்பியிருந்தால் மருந்தைக் கூட்ட வேண்டும். பழைய தழும்பு வழியாகப் புரதம் கசிந்தால், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தைக் கூட்டுவது வீண், அதைவிட மோசம், தொற்றுநோய்க்கு வழி திறக்கிறது. அப்போது அழுத்தத்தை இறுக்கிப் பிடிப்பதும், லோசார்ட்டன் போன்றவற்றை உடல் தாங்கும் உச்ச அளவுக்குக் கொண்டுபோவதும்தான் வேலை. மூன்றாவதாக, வகுப்பே மாறியிருக்கலாம். இரண்டாவதோ ஐந்தாவதோ ஆக இருந்தது மூன்றாகவோ நான்காகவோ மாறியிருப்பது மறு பயொப்சிகளில் அடிக்கடி காணப்படுகிறது. நான்கோடு ஐந்து சேர்ந்துவிடுவதும் உண்டு. நான்காவதாக, லூபஸ் அழற்சியே இல்லாத ஒன்று இருக்கலாம். அன்டிபொஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள் உள்ளவர்களுக்கு நுண் இரத்தக்குழாய்களில் உறைகட்டிகள் உருவாகும். அதற்கு இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துதான் தேவைப்படலாம், ஸ்டெரொயிட்டைக் கூட்டுவது அல்ல.

சிறுநீரை மட்டும் பார்த்து இதைப் பிரிக்க முடியாது என்பதற்கு ஆதாரம் உண்டு. ஆர்ஜென்டினாவில் புவனொஸ் அயர்ஸ் மருத்துவர்கள், ஆரம்பச் சிகிச்சை முடித்த நோயாளிகளிடம் மீண்டும் பயொப்சி செய்து 2017இல் வெளியிட்டார்கள். சிறுநீரும் இரத்தமும் முழுக்கச் சரியாகிவிட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குச் சிறுநீரகத்துக்குள் அழற்சி இன்னும் இருந்தது. மறுபுறம், பயொப்சியில் அழற்சி அறவே அடங்கியிருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் பரிசோதனைகள் நோய் இன்னும் இருப்பதாகவே காட்டின. இரண்டு பக்கமும் ஏமாற்றுகிறது. பயொப்சி இல்லாமல் மருந்தை மாற்றும்போது நாம் இந்த இருட்டில்தான் நடக்கிறோம்.

பதுளைக் கணக்கன்:

டொக்டர் எழுதியதை மதிப்போடு வாசித்தேன். ஆனால் ஒரு பக்கம் மட்டும் வந்துவிடக் கூடாது. நான் கணித ஆசிரியன். என் மனைவிக்கு லூபஸ் வந்ததிலிருந்து இதைப் பற்றி வாசித்து வருகிறேன்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய பத்து இலட்சம் கலன்கோளங்கள் இருக்கின்றன. பயொப்சியில் வருவது பத்து, இருபது. நோய் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும்போது, ஊசி போன இடத்தில் அகப்படாமலே போகலாம். மூன்றாம் வகுப்பா நான்காம் வகுப்பா என்பது ஒன்றிரண்டு கலன்கோளங்களில் தீர்மானமாகிவிடுகிறது.

அடுத்தது, புரதத்தை இவ்வளவு குறைத்து மதிப்பிடவும் கூடாது. ஐரோப்பிய ஆய்வுகளில் சேர்ந்த நோயாளிகளை நீண்ட காலம் பின்தொடர்ந்து பார்த்ததில், சிகிச்சை தொடங்கி ஒரு வருட முடிவில் நாளொன்றுக்கு 0.7 அல்லது 0.8 கிராமுக்குக் கீழே இறங்கியவர்களின் சிறுநீரகம்தான் பெரும்பாலும் நன்றாக இருந்தது. ஒரு போத்தல் சிறுநீரில் கிடைக்கும் தகவல் இது. ஆபத்தும் இல்லை, செலவும் இல்லை.

மூன்றாவதாக, திட்டமிட்டு மறு பயொப்சி செய்தவர்களின் சிறுநீரகம், செய்யாதவர்களின் சிறுநீரகத்தைவிட நீண்ட காலம் உழைக்கிறது என்று சீட்டுக்குலுக்கிப் பிரித்த ஆய்வு ஒன்றில் காட்டப்பட வேண்டும். அதற்காகவே ரீபயோலப் என்ற பன்னாட்டு ஆய்வைத் தொடங்கினார்கள். அப்படி ஓர் ஆய்வு தேவைப்பட்டது என்பதே கேள்வி திறந்திருந்ததைக் காட்டுகிறது. மலையகத்தில் ஒரு கூலிக் குடும்பத்தை ஊசி மேசைக்கு அனுப்பும்போது இதையும் சொல்லித்தான் அனுப்ப வேண்டும்.

ஊவா மருத்துவன்:

ஆசிரியர் ஐயா சொன்னதில் பெரும்பகுதி சரி. துண்டில் குறைந்தது பத்துக் கலன்கோளங்களாவது இல்லாவிட்டால் அறிக்கையை நம்பித் தீர்மானம் எடுக்க நானே தயங்குவேன்.

ஆனால் இரண்டு வகை மறு பயொப்சிகளை நாம் கலந்து பேசுகிறோம். நன்றாக இருப்பவருக்கு இத்தனையாவது மாதம் என்று நாள் குறித்துச் செய்வது ஒன்று. ரீபயோலப் கேட்கும் கேள்வி அது. அதில் ஐயாவின் தயக்கம் எனக்கும் இருக்கிறது. நோய் அடங்காதபோதோ, அடங்கியது மறுபடி கிளம்பும்போதோ காரணத்தோடு செய்வது மற்றது. இதில் பெரிய கருத்து வேறுபாடு கிடையாது. 2020இல் ஐரோப்பிய மூட்டுவாத, சிறுநீரக மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட பரிந்துரைகளும், 2024இல் வந்த சர்வதேச சிறுநீரக வழிகாட்டியும், சிகிச்சைக்குச் சரியாக இணங்காத நோயாளிக்கு மறு பயொப்சியை யோசிக்கச் சொல்கின்றன. நிலா அக்காவின் தங்கை இந்த இரண்டாம் வகையில் வருகிறார். அரைக் கிராமுக்குக் கீழே இருந்தது இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது.

0.7 கிராம் கணக்கும் கூட்டத்துக்குப் பொருந்துவது. அந்த எல்லைக்கு மேல் நிற்கும் ஒருவர் ஏன் மேலே நிற்கிறார் என்பதை அது சொல்லாது. பலர் எல்லையைத் தாண்டியும் பல ஆண்டுகள் நன்றாகவே இருக்கிறார்கள் என்பதும் அதே ஆய்வுகளிலிருந்து தெரிகிறது.

அவசரமும் கூடாது. முதல் தடவை நோய் வந்து மருந்து தொடங்கியவர்களுக்குப் புரதம் குறைய ஒரு வருடம் பிடிக்கலாம். ஆரம்பத்தில் மிக அதிகமாகப் போனவர்களுக்கு அதற்கும் மேலாகலாம். சீராகக் குறைந்துகொண்டிருக்கும்போது, இன்னும் முழுக்கக் குறையவில்லை என்பதற்காகக் குத்த வேண்டியதில்லை. கிரியேட்டினின் கிடுகிடுவென்று ஏறினால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது.

வண்ணத்துப்பூச்சி:

நான் நோயாளி. பண்டாரவளைப் பக்கம். எனக்கு இரண்டு தடவை செய்திருக்கிறார்கள், அதனால் எழுதுகிறேன்.

எனக்கு முதலில் மூன்றாம் வகுப்பு. மருந்தில் அடங்கியது. பிறகு புரதம் ஒன்றரைக் கிராமில் வந்து நின்றுகொண்டது, மாதக்கணக்கில் அசையவில்லை. பிரெட்னிசொலோனைக் கூட்டினார்கள். முகம் உப்பியது, சீனி ஏறியது, இரவில் தூக்கம் போனது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்னைப் பார்த்துப் பேசாமல் நின்றார்கள். புரதம் மட்டும் அப்படியே நின்றது. மறுபடி சைக்ளோபொஸ்பமைட் போடலாமா என்று பேச்சு வந்தபோது ஒரு பெண் வைத்தியர்தான், "முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம்" என்றார்.

பார்த்ததில் செயற்பாடு பூச்சியம். தழும்பு மட்டும் இருந்தது. ஸ்டெரொயிட்டைப் படிப்படியாக இறக்கினார்கள். லோசார்ட்டனைப் போல அழுத்தத்தையும் புரதத்தையும் குறைக்கும் எனலாபிரிலை ஏற்றினார்கள், உப்பைக் குறைத்தேன். புரதம் இன்றைக்கும் ஒரு கிராமை ஒட்டித்தான் இருக்கிறது, கிரியேட்டினின் அசையவில்லை. எனக்கு அப்போது பிள்ளை பிறந்திருக்கவில்லை. சைக்ளோபொஸ்பமைட் சூலகத்தைப் பாதிக்கும், மொத்த அளவு கூடக் கூட அந்த ஆபத்தும் கூடும். அந்த ஊசித் துண்டு எனக்குத் தேவையில்லாத மருந்திலிருந்து என்னைக் காப்பாற்றியது. மஸ்கெலியா தம்பி, மாத்திரையைக் கூட்டிப் பார்க்கட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். கூட்டிப் பார்ப்பது என்றால் என்ன என்று இந்த உடம்புக்குத் தெரியும். அதற்கும் விலை இருக்கிறது.

இறம்பொடை வாசகி:

பிள்ளை பற்றி எழுதியதால் கேட்கிறேன். என் அண்ணிக்கு லூபஸ் அடங்கி மூன்று வருடங்களுக்கு மேல் ஆகிறது. சிறுநீர் சுத்தம். குழந்தை வேண்டும், மருந்தை நிறுத்திவிடலாமா என்று கேட்கிறார். நிறுத்துவதற்கு முன் பயொப்சி செய்து பார்க்கலாம் என்றும் ஒருவர் சொன்னாராம். நன்றாக இருப்பவருக்கும் செய்வார்களா?

ஊவா மருத்துவன்:

சகோதரி, மருந்தை நிறுத்துவதும் குழந்தைக்குத் தயாராவதும் இரண்டு வேறு காரியங்கள். குழந்தைக்காக எல்லா மருந்தையும் நிறுத்த வேண்டியதில்லை, நிறுத்தவும் கூடாது. மைக்கோபினோலேட் கருவைச் சிதைக்கும், அங்கக்குறைபாட்டை உண்டாக்கும். கருத்தரிப்பதற்குக் குறைந்தது ஆறு வாரங்களுக்கு முன்பே அதை நிறுத்தி அசாதியோப்ரினுக்கு மாற்றுவார்கள். மாற்றிய பிறகு நோய் அடங்கியே இருக்கிறதா என்று சில மாதங்கள் பார்ப்பது நல்லது. லோசார்ட்டன், எனலாபிரில் போன்றவையும் கர்ப்பத்தில் ஆகாது. ஹைட்ரொக்சிகுளோரோகுயினைத் தொடர வேண்டும். கருத்தரிக்கும் முன் குறைந்தது ஆறு மாதங்கள் நோய் அடங்கியிருக்க வேண்டும். இது எல்லாவற்றையும் வைத்தியரோடு பேசி முடிவு செய்யும்வரை அண்ணி கருத்தடையைக் கைவிடக் கூடாது.

மருந்தை அடியோடு நிறுத்தும் கேள்விக்குப் பிரான்சில் நடந்த ஓர் ஆய்வு 2022இல் வெளிவந்தது. இரண்டு மூன்று வருடப் பராமரிப்புச் சிகிச்சைக்குப் பின் ஒரு பகுதியினருக்கு நிறுத்தினார்கள், மற்றவர்களுக்குத் தொடர்ந்தார்கள். இரண்டு வருடங்களில் நிறுத்தியவர்களில் 27.3 சதவீதத்தினருக்கும் தொடர்ந்தவர்களில் 12.5 சதவீதத்தினருக்கும் சிறுநீரகத்தில் நோய் திரும்பியது. அதாவது நிறுத்தியவர்களிலும் முக்கால்வாசிப் பேருக்குச் சிறுநீரகத்தில் நோய் திரும்பவில்லை. அந்த முக்கால்வாசியில் அண்ணி இருக்கிறாரா என்பதைத்தான் பயொப்சியால் ஊகிக்கப் பார்க்கிறார்கள். முன்பு சொன்ன அதே ஆர்ஜென்டினாக் குழு 2020இல் இதைச் செய்து காட்டியது. நீண்ட காலம் அடங்கியிருந்தவர்களிடம் பயொப்சி செய்து, செயற்பாடு பூச்சியமானால் மருந்தை நிறுத்தினார்கள், மிச்சம் இருந்தால் தொடர்ந்தார்கள். மறுதாக்கம் மிகக் குறைவாகவே இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு அதில் இல்லை, அதனால் அது இறுதித் தீர்ப்பு ஆகாது. ஆனாலும் நிறுத்த விரும்பும் ஒருவருக்கு இது நியாயமான வழி என்பது என் அபிப்பிராயம். நிறுத்தும் எண்ணமே இல்லாதவருக்குச் செய்வதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

பதுளைக் கணக்கன்:

இந்தக் கடைசி வரியோடு நான் முழுக்க உடன்படுகிறேன். விடை எதுவாக வந்தாலும் வைத்தியர் ஒன்றையே செய்யப் போகிறார் என்றால் ஊசி வேண்டியதில்லை. நிலா, கிளினிக்கில் இதைக் கேளுங்கள்: "இப்படி வந்தால் என்ன மருந்து, அப்படி வந்தால் என்ன மருந்து?" இரண்டு வேறு பதில்கள் வந்தால் சம்மதியுங்கள்.

வட்டவளை நிலா:

எல்லோருக்கும் நன்றி. தாதி அம்மா கேட்டதைத் தங்கையிடம் தனியாகக் கேட்டேன். வெளியே வாங்கச் சொன்ன மாதங்களில் காலை மாத்திரை மட்டும் எடுத்திருக்கிறாள், இரவு மாத்திரையை மிச்சப்படுத்தியிருக்கிறாள். பிள்ளையின் பள்ளிச் செலவு ஒரு பக்கம் இருந்திருக்கிறது. கொழுந்து மலையில் வெயில் படாமல் இருக்கச் சொன்னதும் நடக்கவில்லை, தொப்பியும் நீளக் கையும் மட்டும்தான். மாத்திரை எடுக்காததால்தான் ஏறியது என்றால், ஒழுங்காக எடுத்துவிட்டுப் பார்த்தால் போதாதா? எதிர்ப்புச் சக்தியோடு தொடர்புள்ள இரத்தப் புரதமான சி3 கொஞ்சம் குறைவு என்றும், சிறுநீரில் சிவப்பணுக்கள் தெரிகின்றன என்றும் கடைசி அறிக்கையில் இருக்கிறது.

கம்பளைத் தாதி:

அவளைத் திட்டாதீர்கள் நிலா. இதை அப்படியே கிளினிக்கில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், மருந்து தோற்றுவிட்டது என்று நினைத்து அதைவிடக் கடுமையான மருந்துக்குப் போய்விடுவார்கள். உண்மையில் அந்த மருந்து உடம்புக்குள் முழுதாகப் போகவே இல்லை.

தமிழ் தெரிந்த தாதி அல்லது அலுவலர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சம்மதப் படிவத்தில் இருப்பதை உங்கள் மொழியில் விளங்கப்படுத்திய பின்புதான் கையெழுத்து. அது சலுகை அல்ல, உங்கள் உரிமை.

ஊவா மருத்துவன்:

கிரியேட்டினின் நிலையாக இருப்பதால், மாத்திரையை ஒழுங்காக்கிவிட்டுச் சில வாரங்கள் பார்ப்பது தவறில்லை என்று சில வைத்தியர்கள் சொல்லலாம். ஆனால் சி3 குறைவதும் சிவப்பணுக்கள் வருவதும் அழற்சி கிளம்பியிருக்கலாம் என்று சந்தேகிக்க வைக்கின்றன. மாத்திரையை முழுதாகத் தொடங்கிவிட்டு, அதோடு சேர்த்து பயொப்சியும் செய்ய அவர்கள் நினைத்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். எவ்வளவு சேதம் நடந்துவிட்டது என்பதும் தெரிய வேண்டும்.

மஸ்கெலியா தம்பி:

அக்கா, செய்வதாக இருந்தால் அன்றே திரும்பி வராதீர்கள். கினிகத்தேனைப் பாதையில் வளைந்து வளைந்து பஸ்ஸில் குலுங்கி வருவது நல்லதல்ல. இரவு வார்ட்டில் தங்கச் சொன்னால் தங்கட்டும். இரத்தம் போனால் ஓடிவரும் தூரமா நமக்கு?

கம்பளைத் தாதி:

தம்பி சொல்வது சரி. வீடு தூரம் என்பதை வார்ட்டில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு வாரங்களுக்குக் கொழுந்துச் சாக்கு, தண்ணீர்க் குடம், விறகுக் கட்டு எதையும் தூக்கக் கூடாது. லயத்துக்கு ஏறும் படிகளில் மெதுவாக ஏறலாம். பாரம் தூக்க முடியாது என்று வைத்தியரிடம் கடிதம் வாங்கித் தோட்டத்து அலுவலகத்தில் கொடுங்கள். பழைய பயொப்சி அறிக்கையைக் கட்டாயம் எடுத்துப் போங்கள், புதியதோடு ஒப்பிட்டால்தான் தழும்பு எவ்வளவு கூடியிருக்கிறது என்று தெரியும். வீட்டில் சிறுநீர் சிவந்தாலோ, விலாவில் வலி கூடினாலோ, தலை சுற்றினாலோ, காய்ச்சல் வந்தாலோ அடுத்த கிளினிக் நாள்வரை பொறுக்க வேண்டாம். பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய், பயொப்சி செய்தது என்று முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள்.

வட்டவளை நிலா:

செய்தாகிவிட்டது. ஆசிரியர் ஐயா சொன்ன கேள்வியைக் கேட்டோம். தெளிவாகவே பதில் வந்தது: பிறை வடிவங்களும் நசிவும் இருந்தால் கடுமையான மருந்துக்கு மறுபடி போவோம், தழும்பு மட்டும் என்றால் போகமாட்டோம் என்றார்கள். அதைக் கேட்ட பிறகு அம்மா சம்மதித்தார். முதல் நாள் சிறுநீர் லேசாகச் சிவந்தது, மறுநாள் தெளிந்துவிட்டது.

அறிக்கையில் நான்காம் வகுப்போடு ஐந்தாம் வகுப்பும் சேர்ந்திருக்கிறது. செயற்பாடு 24க்கு 3, நாட்பட்ட பாதிப்பு 12க்கு 4. முதல் தடவை நாட்பட்ட பாதிப்பு 1ஆக இருந்தது. சைக்ளோபொஸ்பமைட் வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். மைக்கோபினோலேட்டை முழு அளவில், அங்கேயே கொடுக்கும்படி ஏற்பாடு செய்திருக்கிறார்கள். லோசார்ட்டன் கூட்டியிருக்கிறது. புரதம் குறையாவிட்டால் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் இன்னொரு மருந்தான டக்ரோலிமஸ் சேர்ப்பதைப் பற்றி அடுத்த கிளினிக்கில் பேசுவார்களாம்.

மஸ்கெலியா தம்பி:

பெரிய மாற்றம் எதுவும் இல்லையே அக்கா. இதற்காகவா இவ்வளவு பாடு?

வண்ணத்துப்பூச்சி:

தம்பி, சைக்ளோபொஸ்பமைட் வேண்டாம் என்பதுதான் மாற்றம். ஒன்றிலிருந்து நான்குக்குப் போயிருக்கிறது, அந்த மூன்றும் இனித் திரும்பாது. அந்த எண்ணைப் பார்த்த பிறகு இரவு மாத்திரையை மிச்சப்படுத்த அவளுக்கு மனம் வராது. மருந்து அங்கேயே கிடைக்க வழி பிறந்ததும் சின்ன விஷயம் இல்லை.

வட்டவளை நிலா:

ஒரு கடைசிக் கேள்வி, டொக்டர். அம்மா கேட்கச் சொன்னார். மூன்றாவது ஒன்றும் வருமா?

ஊவா மருத்துவன்:

நாள் குறித்து வராது அக்கா. மாத்திரை முழுதாக எடுத்துப் பல மாதங்களான பின்னும் புரதம் ஏறினாலோ, கிரியேட்டினின் நகர்ந்தாலோ மறுபடி கேட்பார்கள். பல வருடங்கள் அடங்கியிருந்து மருந்தை நிறுத்த யோசித்தால் அப்போதும் கேட்கலாம். அதுவரை மாதாமாதம் சிறுநீரும் இரத்தமும் அழுத்தமும் பார்த்தால் போதும். ஹைட்ரொக்சிகுளோரோகுயின் பல வருடங்களாக எடுப்பதால் வருடத்துக்கு ஒரு தடவை கண் பரிசோதனைக்கும் அனுப்பச் சொல்லுங்கள். அடுத்த கிளினிக்கில் சி3 முடிவையும் கேட்டு வாங்கி, கொப்பியில் எழுதி வையுங்கள்.